நிற்கும் சக்கரத்தின் எண்

விழுப்புரம், 18.2.87

அன்புத் தங்கை அமலோற்பவமேரிக்கு,

மாதா உன்னைக் காப்பாளாக. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமே, கவலைப்படாதே.

எங்கள் பாலிடெக்னிக் மாணவிகள் செய்த ரோபோ அடம் பிடிக்கிறது. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் என்கோடர்களை மோட்டாரில் நான்தான் பொருத்தினேன். சக்கரம் நிற்கும்போதும் எண் ஓடுகிறது.

"மிஸ், பேய் பூந்துக்கிச்சா?" என்றாள் லூர்துசெல்வி.

"பேயாவது! ஒயரைப் பாருடி" என்றேன்.

ஒயரில் குறையில்லை. நேற்று கரண்ட் போனதும், பேட்டரியில் இயங்கிய ரோபோவின் எண்ணும் நின்றது. என்கோடரின் ஒளிக்கண் டியூப்லைட்டின் துடிப்பையும் சேர்த்து எண்ணியிருக்கிறது! கடையில் வாங்கிய துணியால் அதை மூடினேன்; வெளிச்சம் கசிகிறது.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்தார் பார்க்க வருகிறார்கள். தவறினால் வயதைக் காட்டி என்னை அனுப்பிவிடுவார்கள். தோற்றவளாக வீடு திரும்பத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற என்னால் முடியாது, மேரி.

அங்கே வீட்டுப் பீரோ மேல், என் வீட்டுக்காரர் இறந்த பிறகு யாரும் விரிக்காத அவருடைய கறுப்புக் குடை இருக்கிறது. அந்தத் துணி கெட்டி. வெட்டி அனுப்பாதே. முழங்கால் வலித்தாலும் முழுக் குடையாக நீயே கொண்டு வா. நான் அதில் கத்தரி வைக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

உன் அக்கா,
இஞ்ஞாசியம்மாள்