ஜெய்ப்பூர் மதிலுக்கு வெளியே நான்கு மணி நேரம்

சிவகாசி,
பிப்ரவரி 11

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அந்த அயர்லாந்துக் குளிருக்கு ஈடுகொடுத்து நல்லபடியாக இருக்க பத்திரகாளியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. கடையை முத்துக்கருப்பன்தான் பார்த்துக்கொள்கிறான், இருபது வருஷம் என்னிடம் இருந்ததில் என்னைப் போலவே கத்தவும் கற்றுக்கொண்டான். நாரணாபுரத்துச் சித்தி பாண்டிலட்சுமி வீட்டில் எல்லாரும் சுகம். மழை இல்லை, வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது, பட்டாசுக் கம்பெனிகளுக்கு அது நல்லதுதான்.

ஜெய்ப்பூர் எப்படி இருந்தது, போட்டோ எங்கே என்று நாலு தடவை கேட்டுவிட்டாய். அம்மா, "நல்லா இருந்துச்சு தாயி" என்றாள், நான் போனில் இடமில்லை அதனால் படம் எடுக்கவில்லை என்றேன். இரண்டும் பொய். உன் அம்மா அரண்மனைக்குள் கால் வைக்கவே இல்லை. காரணம் நான்தான், வேறு யாரும் இல்லை.

நீ மூன்று நாள் தங்க ரூம் போட்டுக் கொடுத்தாய், இரண்டு நாள் போதும் என்று குறைத்தவன் நான். சாம்பிள் கொண்டுபோகாதீங்கப்பா என்று படித்துப் படித்துச் சொன்னாய், சரி என்று தலையாட்டிவிட்டு வேட்டிகளுக்கு அடியில் பன்னிரண்டு டப்பாவை வைத்தவனும் நான். உனக்குத் தெரியாதது இல்லை, நம் பட்டாசு சாம்பிள் டப்பாவில் வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இருக்காது, மேலே நிஜ லேபிள், உள்ளே மணலும் மரத்தூளும்தான், எடை மட்டும் சரியாக இருக்கும். இருபத்தாறு வருஷம் அதை வைத்துத்தான் வடக்கே ஆர்டர் பிடித்தேன். ஜெய்ப்பூர் வரை போய்விட்டு சேட்டுகளைப் பார்க்காமல் வருவதா என்று ஒரு நப்பாசை. முதல் நாள் காலையில் ஒரு மணி நேர வேலை என்று அவளையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன், பொழுது சாய்ந்துவிட்டது. கடைகளில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள், டீ குடித்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நாளைக்கு முழு நாளும் உனக்குத்தான் என்று சொன்னேன்.

மறுநாள் அவற்றைப் பெட்டியோடு ரூமில் போட்டிருக்கலாம். மத்தியானம் இன்னொரு சேட்டைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தில் டப்பாக்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டேன். குடியரசு தினத்துக்கு இரண்டு நாள் முன்பு என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை. டிக்கெட் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு அரண்மனை வாசலில் சோதனைக்குப் பையை நீட்டினால், முதலில் வெளியே வந்தது புலிப்படம் போட்ட வெடி டப்பா, அதில் கொட்டை எழுத்தில் 'பாம்' என்று அச்சடித்திருக்கிறோமே, அது. நான் பதறிப்போய் என் கடை இந்தியில், "பம் ஹை, மருந்து நஹி" என்றேன். வெடிகுண்டுதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சுற்றியிருந்த கூட்டம் அப்படியே விலகியது. இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் ரெண்டு அறையும் விட்டிருப்பேன். போகிறபோது உன் அம்மாவைப் பார்த்து, "இங்கனயே இரு, எங்கயும் அசையாதே, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அப்போது மணி பன்னிரண்டரை.

ஒவ்வொரு டப்பாவாகப் பிரித்து மணலைக் கொட்டிப் பார்த்து, ஆள் வரவழைத்துச் சோதித்து, லைசென்ஸ் படத்தை முத்துக்கருப்பனிடம் போனில் வாங்கி, கடைசியில் நம் பழைய சேட் நேரில் வந்து, இவர் பட்டாசு வியாபாரி, எனக்குப் பல வருஷப் பழக்கம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். வெளியே வரும்போது நாலரைக்கு மேல். அதற்குள் அரண்மனைக்குள் யாரையும் விடுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் மதிலோரம் நான் விட்ட இடத்திலேயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் கையில் அப்படியே இருந்தது, ஓரமெல்லாம் வேர்வையில் நைந்து. எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டியதுதானே, டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று அந்த வாசலில் வைத்துக் கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீங்கதான இங்கனயே இருன்னு சொன்னீக" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் காரணம். சாப்பிட்டாயா என்று கேட்டேன், நகர்ந்தால் நீங்க தேடுவீகளே என்றாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஆட்டோ, அரண்மனைக்குப் பிறகு பார்ப்பதாக இருந்த ஹவா மகாலைத் தாண்டித்தான் போனது. அவள் ஏன் ஜெய்ப்பூர் கேட்டாள் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ பிறக்கும் முன்னால் நம் தொழில் வீட்டுக்குள்ளேயே நடந்தபோது, ஜெய்ப்பூர் ஆர்டருக்கு அந்த ஹவா மகால் படம் போட்ட லேபிளைத்தான் அவள் பசை போட்டு ஒட்டுவாள், ஆயிரக்கணக்கில். அந்தச் சன்னல்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள், நான் வருஷா வருஷம் அந்த வாசல் வழியாகவே போய் வந்தவன், ஒரு நாள்கூட உள்ளே நுழையாமல், "என்ன, சுவர்தான்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்று, "அந்தா பாரு, அந்தா பாரு" என்று கையைக் காட்டினேன். அவளுக்குத்தான் பக்கப் பார்வை போய்விட்டதே, நேராகத் தலையைத் திருப்பிக் குழாய்க்குள் பார்ப்பது போலத் தேட வேண்டும். அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ திரும்பிவிட்டது. இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டச் சொன்னேன். அந்த ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது.

போன வியாழக்கிழமை மதுரை டாக்டரிடம் போனோம். வலது கண்ணைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார். இடது கண்ணிலும் பார்வை வட்டம் இன்னும் சுருங்கியிருக்கிறது, இனி அது இருப்பது ஆறு மாதமோ ஒரு வருஷமோ, யாராலும் கணக்குச் சொல்ல முடியாது என்கிறார். வரும் வழியில் நாரணாபுரத்தில் சித்தியைப் பார்த்தோம், ஜெய்ப்பூர் எப்படிக்கா இருந்துச்சு என்று அவள் கேட்க, "மதிலு எம்புட்டு உசரங்கிற! காவிக்கல்லு மாதிரி ஒரு நிறம், அங்கன வெயில்கூட நம்ம ஊரு மாதிரி சுடாது" என்று உன் அம்மா கால் மணி நேரம் சொன்னாள். நான்கு மணி நேரம் பார்த்த வெளிச்சுவரைத்தான் சொல்கிறாள், சித்திக்குத் தெரியவில்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுபடியும் போவோம், மார்ச்சில் வெயில் ஏறும் முன் போவோம், கையில் ஒரு டப்பா எடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க தோதுபோலச் செய்யுங்க" என்கிறாள். வேண்டாமா என்றாலும் அதே பதில், வேணுமா என்றாலும் அதே பதில். கடையில் நூறு பேர் மனசில் இருப்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இவளிடம் தோற்றுப்போய் நிற்கிறேன். நாற்பது வருஷமாக நான் சொல்லி அவள் செய்திருக்கிறாள், இப்போது நான் கேட்பதும் அவள் காதில் உத்தரவாகத்தான் விழுகிறது. அதனால் நீ கேள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் கடையில் இருப்பேன், அப்போது அவளைக் கூப்பிடு. போய்ட்டு வாங்கம்மா என்று வற்புறுத்தாதே, என்ன வேணும் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு, அவள் பேசும் வரை சும்மா இரு. ஜெய்ப்பூர்தான் என்றால் மறுநாளே கிளம்புகிறோம். வேறு ஊர் என்றால் அங்கே. இனி எங்கேயும் இவரோடு வர மாட்டேன் என்றால், நீ வந்து கூட்டிப்போ, நான் இங்கே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் பூசி மெழுகாமல் எனக்கு எழுது.

இது பரம்பரையாக வரும் நோயாம், பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் கண் அழுத்தம் பார்த்துவிடு, வேலை வேலை என்று தள்ளிப்போடாதே, அந்தப் புத்தி என்னோடு போகட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சின்னவளுக்கு முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் குறையாத பார்வையோடும் இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போடாதே. முதலில் அவளிடம் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கச்சாமி