மாலேப் பெட்டியில் ஒரு கை கூடுதல்

உ

வலியசாலை,
திருவனந்தபுரம்.
14.7.2002

அன்பு மகள் செல்வமணிக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், விடாத மழையில் துணிமணி மட்டும்தான் காயாமல் கிடக்கிறது. நாக்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த இருமலும் விட்டு நலமாக இருக்கிறாய் என்ற நினைப்போடு இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பேன், பின்னால் காத்து நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும். முடிவு தெரியாமல் பாதியைச் சொல்லி உன்னைக் கலக்கவும் எனக்குப் பயம். கம்பெனியில் மிஷின் வருகிறது, என் வேலை போய்விடும் போலிருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதினாலும் எழுதினேன், நீ உடனே படிப்பை நிறுத்திவிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு ஓணத்துக்கு முன்னால் வந்துவிடுகிறேன், டெக்னோபார்க்கில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா தம்பானூர் ஹோட்டல் வேலை முடிந்து வந்ததும் கடிதத்தைக் காட்டினேன், பிள்ளையைப் பயங்காட்டினது நீதானே, நீயே சரிபண்ணு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆகவே மணி, டி.சி.க்கு எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்த கையோடு திரும்ப வாங்கிவிடு. ஏன் என்று சொல்கிறேன். மூச்சு வாங்கச் சொல்வதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

சாலை பஜாரில் நாகேஸ்வரன் அண்ணாச்சி கடைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கொட்டகை உனக்குத் தெரியும். தென்காசித் தக்காளியும் வள்ளியூர் முருங்கைக்காயும் விடியுமுன் லாரியில் வந்து இறங்கும், பொன்னம்மை அக்காவும் மற்றப் பெண்களும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக் கட்டுவார்கள், கட்டின பெட்டியைக் கடைசியில் தராசில் ஏற்றுவார்கள், நான் எடையைக் குறித்து விமானத்துக்கான பேப்பர்களை எழுதுவேன், சாயங்காலம் அந்தக் காய் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் இஸ்மாயில் பாய் கடையில் இருக்கும். கல்லூரியில் ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாடு என்று ஒன்றை மனப்பாடம் செய்து எழுதி பாஸ் ஆனேன், அதன் அர்த்தம் இந்தக் கொட்டகையில்தான் புரிந்தது, அவர்களிடம் மீன் இருக்கிறது மண் இல்லை, நம்மிடம் மண் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கொட்டகைக்குத்தான் மிஷின் வந்தது. பெட்டியை ஒரு பக்கம் வைத்தால் பெல்ட்டில் போய்த் தானே நிறுத்து, லேபிள் அடித்து ஒட்டி, அடுத்த பக்கம் தள்ளிவிடும், அதே எடை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய், நான் கை வலிக்க எழுதுகிற பேப்பரெல்லாம் அச்சடித்து வந்து விழும். பார்த்ததும் நான் பயந்து இரண்டடி பின்னால் போய் நின்றேன். அதைப் பொருத்த எறணாகுளத்திலிருந்து வந்த இன்ஜினீயர் பிரஜின், சேச்சி பேடிக்க வேண்டா, இவன் பாவமாக்கும் என்று சாதுவான மாட்டைத் தட்டுவதுபோல் அதைத் தட்டிக் காட்டினான். அண்ணாச்சியோ எல்லார் காதிலும் விழும்படி, இனி பாதி ஆளு போதும் போலிருக்கே என்றார். அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இனிமேல்தான் விஷயமே. மிஷின் கட்டின முதல் லோடு விமான நிலையத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டது! லேபிளில் ஒரு எடை, அங்கே நிறுத்தால் ஒரு எடை, ஒரு பெட்டிகூட ஒத்துப்போகவில்லை, எல்லாமே கூடுதல். விமானம் போய்விட்டது, மறுநாள் நம் தெரு முழுக்க முருங்கைக்காய் சாம்பார். அண்ணாச்சி குதித்த குதி இருக்கிறதே, ஏ பிரஜினு, இது மிஷினா இல்ல பைத்தியமா டே என்று கேட்டார். அவனுக்கு ரோஷம், மிஷின் கள்ளம் பறயில்ல அண்ணாச்சி என்றான், அது பொய் சொல்லாதாம், எடைக்கல்லையெல்லாம் அதன்மேல் ஏற்றிக் காட்டினான், ஒரு மயிரிழை பிசகவில்லை. அப்படியானால் என் கொட்டகையிலே பேய் இருக்கா, தள்ளுங்க, நானே ஒரு பெட்டி கெட்டுதேன் என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுக்கினார், பெல்ட்டில் விட்டார், லேபிள் ஒட்டி வந்தது, டேப்பைக் கையில் எடுத்தார். எடுத்தவர், யோசிக்கவே இல்லை மணி, பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கை கறிவேப்பிலையை அள்ளி மேலே வைத்து, பிறகுதான் மூடப் போனார். பிரஜின் கண்ணை விரித்து, அது எந்தா அண்ணாச்சி என்றான். எது டே? அவன், கையில் என்றான். இதா, இது கொசுறுல்லா! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பொன்னம்மை அக்கா மெதுவாக, நாங்களும் அதத்தான் அண்ணாச்சி வச்சோம், கடலு தாண்டிப் போற சாமானத்த வெறும் எடைக்கு எப்பிடி அனுப்ப என்றாள். ஒங்க பாட்டா காலத்துலயே இப்படிக் கொசுறு போட்டுத்தான் கட வளந்துது என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுக்க, கொட்டகையே சிரித்தது. எனக்கு அப்போது பளிச்சென்று பட்டது. முன்பு கொசுறும் போட்டுக் கட்டின பிறகுதான் நிறுப்போம், அதனால் அது எடைக்குள் அடங்கிவிடும். இப்போது மிஷின் நடுவில் நிறுத்துவிடுகிறது, கொசுறு கடைசியில் போகிறது. முதலில் கொசுறு, பிறகு பெல்ட், இவ்வளவுதானே அண்ணாச்சி என்றேன். அவர் கேட்கவில்லை. ஒன்றும் வேண்டாம், இது மிஷின் காலம், இனி கொசுறே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அப்படியே வெறும் எடைக்குப் போயிற்று அடுத்த லோடு. பொன்னம்மை அக்கா பெட்டியை மூடும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பெட்டி போய்ச் சேர்ந்ததும் மாலேயிலிருந்து போன், நான்தான் எடுத்தேன். இஸ்மாயில் பாய் இங்கே படித்தவர், மலையாளம் நம்மைவிட நன்றாகப் பேசுவார். எந்தா சேச்சி, நம்மள் தம்மில் பிணக்கமாணோ என்று கேட்டார். ஏன் பாய், நமக்குள் என்ன மனஸ்தாபம் என்றேன். கறிவேப்பிலை எங்கே என்றார். நாம் வைக்கிற அந்த ஒரு கையை அவர் சிறுசிறு கொத்தாகப் பிரித்து, காய் வாங்க வருகிற பெண்களுக்கு அவர் பங்குக்குக் கொசுறாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்! பார், அந்தப் பழக்கமும் விமானம் ஏறிப் போயிருக்கிறது, எந்தப் பேப்பரிலும் ஏறாமல். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பாய், கறிவேப்பிலை, பச்சைமிளகாய், இஞ்சி, மல்லி எல்லாம் ஆய்ந்து கழுவி ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு கட்டாகப் போட்டு அனுப்பினால் விலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். எடுக்காமல் பின்னே என்றார். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மிஷின் நிறுக்கும் அண்ணாச்சி, ஆனால் இலை ஆயுமா என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நீ ரொம்பப் பேசுத செண்பகம் என்றார், திட்டுகிற குரல் இல்லை.

இப்போது அந்தக் கட்டுகளை மாலேயில் வேறு கடைக்காரர்களும் கேட்கிறார்கள். பொன்னம்மை அக்காவுக்கும் அநேகம் பேருக்கும் வேலை போகாமல் நிலைத்தது, பெட்டிக்குள் கொசுறும் திரும்பி வந்துவிட்டது, இப்போது பெல்ட்டுக்கு முன்னால். கம்ப்யூட்டரில் என்னையே உட்காரச் சொல்லிவிட்டார். பிரஜின் சொல்லிக்கொடுக்கிறான், மவுஸ் முதலில் நான் இழுக்கிற பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்கு ஓடியது, இப்போது சொன்னபடி கேட்கிறது. எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று எழுதினால் அது பொய், மணி. பொன்னம்மை அக்காவோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்த சரசம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், கட்டு போடும் வேலைக்கு இவ்வளவு பேர்தான் என்று அண்ணாச்சி அசையவில்லை. நீ உன் மிஷினோட சுகமா இரு அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள், இப்போது பூஜப்புரையில் ஒரு ஹாஸ்டல் சமையலில் இருக்கிறாள், எதிரில் வந்தால் முகம் கொடுப்பதில்லை. வித்துராவில் மிளகு வாங்கி விற்கிற அப்பாவின் சிநேகிதரும் வந்திருந்தார், இலங்கை மிளகு வந்து இறங்கி விலை விழுந்துவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம் முருங்கைக்காய் வெளியே போகிற அதே கதவு வழியாகத்தான் அவர்கள் மிளகும் உள்ளே வருகிறது என்று நினைத்தேன், அவர் இருந்த நிலையில் வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய், நான் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கிறேன்! மாலே போய்க் கடைக்காரர்களை நேரில் பார்த்து, என்னென்ன கட்டு வேண்டும் என்று கேட்டுவர அண்ணாச்சி என்னைத்தான் அனுப்புகிறாராம். விசாரிக்க வந்த போலீஸ்காரர் சுவரில் நாம் இருவரும் நிற்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு, இது அனியத்தியாணோ என்று உன்னைக் காட்டிக் கேட்டார். தங்கை இல்லை சார், காலேஜில் படிக்கிற மகள் என்றேன், அவர் நம்பாமல் அப்பாவைப் பார்த்தார், அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. சுற்றிலும் கடலாம், அலை பெரிதாக வந்தால் எங்கே போய் நிற்பது என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். அப்பா, அதெல்லாம் அவங்க பாத்துக்கிடுவாங்க, திரும்பி வரும்போது நல்ல மாசிக்கருவாடு வாங்கிட்டு வா என்கிறார்.

மணி, நான் பயந்து எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, இதை வைத்துக்கொள். மிஷினைப் பற்றிப் படிக்கிற நீ அதற்குப் பயந்து ஊருக்கு வரக் கூடாது. எனக்கு இன்னும் பயம் போகவில்லை, நாளைக்கு இன்னொரு மிஷின் வரும், அது இலையும் ஆயும்; அன்றைக்கு எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது என்று சொல்லத் தெரிந்தவளாக நீ இருக்க வேண்டும். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து வீட்டைக் காப்பாற்றலாம் என்று நினைத்தாயே, அந்த நாற்காலி காலியாக இல்லை, அதில் நான் இருக்கிறேன். ஓண லீவுக்கு வா, லீவு முடிந்ததும் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறு.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே, இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, டி.சி. விஷயத்தை முடித்துவிட்டு ஒரு கார்டு போடு. படித்து, நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு என்றும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
வ. செண்பகவல்லி

பி.கு.: உன் கல்லூரிக்கு வருகிற சீனியர் பெண்ணிடம் பொடியும் வற்றலும் கொடுத்தனுப்புகிறேன். அப்பா ஹோட்டல் தராசில் நிறுத்து மூடிமேல் எடை எழுதியிருக்கிறார், அதை நம்பாதே. ரயில் நகருமுன் நான் ஒரு கை கூட வைத்துவிடுவேன்.