கதவில் கண்ணாடி

மார்ச் 3, திங்கள்

இன்ஜினியர் பிளானைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, பின்பக்கம் என் தையல் மெஷினுக்கு ஒரு மூலை. "வீட்ல எல்லார்கிட்டயும் காட்டுங்க. மாத்தணும்னா இப்பவே பென்சில்ல எழுதிக் கொடுங்க. பதினெட்டாம் தேதி அனுமதிக்குப் போயிடும்" என்றார். அதற்கு மேல் வாய் திறக்கக்கூடாது என்பதை மரியாதையாகச் சொல்கிறார்.

நான் கேட்டதையெல்லாம் போட்டிருக்கிறார். அடுப்பு முன்னால் நின்றால் வாலுவின் அறைக்கதவு நேராகத் தெரியும். நடந்தால் ஆறே தப்படி. கதவில் என் முக உயரத்துக்கு, உள்ளே தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி, எட்டு அங்குல அகலம், ஒரு அடி நீளம். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. "கண்ணாடி எதுக்குங்க?" என்று கேட்டார். வெளிச்சத்துக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐந்து வயதில் ஓரிடத்தில் உட்காராமல் ஆட்டம் போட்ட மகளுக்கு வாலு என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது பத்தொன்பது. உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. பெயர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5, புதன்

வாலுவின் அப்பாவிடம் பிளானைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கதவைக் கவனித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு சொன்னது: "ஸ்கூட்டர் நிறுத்த இடம் பத்தாது."

சொல்லிக்கொண்டே வலது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த வாலுவின் கதவை அந்தத் தோளால்தான் உடைத்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தாள். இந்த வாடகை வீட்டில் அவள் கதவில் இப்போது தாழ்ப்பாள் இல்லை, திருகாணி இருந்த நாலு ஓட்டைதான் இருக்கிறது. அந்த நாளைப் பற்றி அவரும் நானும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இன்று ஸ்கூட்டரைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். அவளைப் பொறுத்தவரை வாலுவுக்குப் போன வருடம் வந்தது விஷக்காய்ச்சல். பிளானை விரித்த வேகத்தில் தீர்ப்பும் வந்தது. "என்ன அண்ணி இது, வயசுப் பொண்ணு ரூம் கதவுல கண்ணாடி? உள்ள பேங்க் மேனேஜரா உக்காரப் போறாரு?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். வாலு அவள் அறையில் இருந்தாள், கதவு ஒருக்களித்திருந்தது. காதில் விழுந்திருக்குமா? விழாமல் எப்படி இருக்கும்? நாத்தனார் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

மார்ச் 10, திங்கள்

வாலுவிடம் இன்னும் பிளானைக் காட்டவில்லை.

மார்ச் 12, புதன்

நான் வேலை பார்க்கும் தையல் கடையில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடதுகைப் பட்டையையே வைத்துத் தைத்துவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. முதலாளியம்மா சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கப் போறவன் கையெழுத்து எந்தக் கையில போடுவான்?" என்றார். பிரித்துத் தைத்தேன்.

ஏன் காட்டாமல் தள்ளிப் போடுகிறேன்? அவளுக்காகத்தானே கேட்டு வாங்கினேன்? நல்லதுக்குச் செய்ததை எதற்கு ஃபிரிட்ஜ் மேல் பழைய பேப்பருக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும்? பதினெட்டாம் தேதி தானாக வந்துவிடும், யாரும் எதுவும் கேட்காமல் போய்விடும் என்று ஓர் ஆசை. கேவலமான ஆசைதான்.

மார்ச் 14, வெள்ளி

வேலை முடிந்து வந்தபோது வாலு சாப்பாட்டு மேசையில் பிளானை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளாகவே தேடி எடுத்திருக்கிறாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது என் ரூமா?"

ஆமாம் என்றேன்.

"கதவுல கண்ணாடியா?"

"வெளிச்சத்துக்கு."

"ரெண்டு ஜன்னல் இருக்கேம்மா."

அவள் விரலை அடுப்பில் வைத்து நேர்கோடாகக் கதவு வரைக்கும் இழுத்தாள். பிறகு ஓரத்தில் எழுதியிருந்த அளவைப் படித்தாள், ஒருமுறை வாய்விட்டும் படித்தாள்.

"ஆஸ்பத்திரிக் கதவு இதே அளவு. உன் மூக்கு அந்தக் கண்ணாடில ஒட்டியே இருக்கும். ஒன்பது நாள் அதைத்தான் பாத்துட்டுப் படுத்திருந்தேன்."

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. இன்ஜினியர் அளவு கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன். அளவெடுத்தே பழகிய கண். அந்தக் கதவையே அளவெடுத்துக்கொண்டு வந்து மகளுக்கு மாட்டப் பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்கெல்லாம் வீடு கட்றீங்க. எனக்கு மட்டும் வார்டு" என்றாள். கத்தவில்லை. பிளானை மடித்த மடிப்பிலேயே மடித்துவிட்டு உள்ளே போனாள். கத்தியிருக்கலாம்.

மார்ச் 15, சனி

தூங்கல. சாப்பிடல. அவ சாப்பிட்டாளான்னு மட்டும் பாத்தேன். பாக்காம எப்படி இருக்கறது? யாராவது சொல்லிக் குடுங்களேன், பெத்தவ எப்படிப் பாக்காம இருக்கறதுன்னு.

மார்ச் 17, திங்கள்

மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கும் நாள். வழக்கம்போல வாலு முதலில் உள்ளே போனாள், நான் வெளியே நாற்காலி நுனியில். அரை மணி கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் மேசை மேல் எங்கள் பிளான் விரிந்து கிடந்தது. பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எதை நினைச்சு இதை வரையச் சொன்னீங்க? அவகிட்டயே சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை. "மறுபடி கதவை உடைக்க வேண்டி வந்துடுமோன்னு பயமா இருக்கு. இந்தத் தடவை நேரத்துக்கு உடைக்க முடியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகி, மானம் போயிற்று. வாலுதான் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

பிறகு அவள் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாலும் தெளிவாகத்தான் பேசினாள். "உள்ள பூட்டு வேணும். வெளியிலேருந்து திறக்கற மாதிரி பூட்டு. சாவி அம்மாகிட்ட இருக்கட்டும். முதல்ல தட்டணும். தட்டினா நான் பதில் சொல்லுவேன். சொல்லலைன்னா திறந்துக்கோ." கொஞ்சம் நிறுத்தி, "முடியாத நாள்ல நானே பூட்ட மாட்டேன். வந்து சொல்லிடறேன்" என்றாள்.

இதை எத்தனை நாளாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தாளோ. நாங்கள் யாரும் கேட்கவில்லை. டாக்டர் தனக்குச் சம்மதம் என்றார், மாத்திரைகள் மட்டும் முன்போல என் கைவசமே இருக்கட்டும் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது வாலு பென்சில் கேட்டாள். பிளானை மடியில் வைத்துக் கதவுக் கண்ணாடியைக் கோடு போட்டு அடித்தாள். பஸ் குலுக்கலில் கோடு சமையலறை வரைக்கும் ஓடியது.

மார்ச் 18, செவ்வாய்

பிளானை இன்ஜினியரிடம் கொடுத்தேன். "ஏங்க, வெளிச்சத்துக்குன்னு சொன்னீங்களே?" என்றார். பொண்ணுக்கு வேண்டாமாம் என்றேன். இன்றும் செவ்வாய்க்கிழமை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. படியில் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

வீடு எழும்ப எப்படியும் ஒரு வருடம் ஆகும். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே கடைக்குப் போய் அந்த மாதிரிப் பூட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய ஓட்டைகளுக்குப் பொருந்தவில்லை. புதிதாக நாலு துளை போட்டார். வாலு திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "அன்னிக்கு உன்னை ரொம்ப பயமுறுத்திட்டேனாப்பா?" என்று கேட்டாள். அவர் துளையையே பார்த்துக்கொண்டு, "ஆமாடா" என்றார். இரண்டு பேரும் மறுபடி திருகாணியைக் கவனித்தார்கள்.

சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

மாலை நாலு பத்துக்கு வாலு கதவைச் சாத்தினாள். பூட்டும் சத்தம் கேட்டது. எனக்குக் காதுக்குள் என்னமோ ஆகிவிட்டது. அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார், பிறகு அணைத்தே விட்டார்.

எதையாவது எழுதினால் நேரம் போகும் என்று இந்த நோட்டை எடுத்தேன். நாலு பதினாலு. நாலு பதினேழு. என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. நாலு இருபத்தொன்று. போய்த் தட்டினேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"பதினோரு நிமிஷம்தான் ஆச்சு."

உள்ளே அவளும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சரி, நீ படி" என்றேன். தையல் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். முதலாளியம்மா கொடுத்தனுப்பிய சட்டைகளுக்குப் பட்டன் வைக்க வேண்டியிருந்தது. ஆறு சட்டை முடித்தேன். ஏழாவதில் நூல் தீர்ந்துபோய் நிமிர்ந்து பார்த்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். தட்ட மறந்துவிட்டிருந்தேன்.