கெளுத்திக்கு உப்பில்லாச் சோறு

அக்கா,

இன்று காலை எங்கள் வீடு முழுக்க இறால் ஓடு வேகும் வாசனை. உப்பு இல்லை, மஞ்சள் இல்லை, வெறும் ஓடும் தண்ணீரும். பேத்தியின் கிழட்டுப் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம், நாலு நாளாக எதையும் தொடவில்லை. வடித்த தண்ணீரைச் சோற்றில் பிசைந்து வெதுவெதுப்பாக வைத்தேன். தட்டை நக்கி முடித்துவிட்டு இன்னும் கேட்டது! "ஆயா, உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் பேத்தி. உன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை உனக்கே எழுதுகிறேன்.

நான் தோணிரேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும், எழுபதுகளின் கடைசி. பக்கத்து வீட்டில் நீ. புருஷன் கடலோடு போய்விட்டார், பிள்ளை குட்டி கிடையாது. கருவாடு போட்டுப் பிழைத்தாய். கூட இருந்த உயிர் அந்தப் பூனை ஒன்றுதான். மீசை நீளத்தைப் பார்த்து நீயே கெளுத்தி என்று மீன் பேரை வைத்தாய். பதினாலு வயசு என்பாய்.

அந்தக் கார்த்திகையில் கெளுத்தி இளைத்தது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, தின்றதை எல்லாம் கக்கியது, வாய் நாறியது. "வயசாயிடுச்சு, வுடு" என்றது ஊர். நீயோ இருப்பதிலேயே நல்ல கருவாடாகப் பொறுக்கி அதன் முன்னால் வைத்தாய். அது முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று நீயும் அடுப்பு மூட்டவில்லை.

"இதுவும் போச்சுன்னா நான் யாருக்குடி பொங்கணும்?" என்றாய்.

கெளுத்தியை மீன் கூடையில் வைத்து, மேலே கிழிந்த வலையைக் கட்டி, உன்னையும் இழுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன்.

"கூடையில இன்னாம்மா?" என்றார் கண்டக்டர்.

"மீனு."

கெளுத்தி அப்போது பார்த்துக் கத்தியது.

"மீனு நல்லாத்தான் பேசுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் அழுதுகொண்டிருந்தாய்.

மாட்டாஸ்பத்திரியில் மாடுகளுக்கு நடுவே நாம் கூடையோடு நின்றோம். டாக்டர் சிரிக்கவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயை மோந்தார். "சிறுநீரகம் சுருங்கிப்போச்சும்மா. குணமாக்க முடியாது. சாப்பாட்டுல கவனமா இருந்தா கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம்" என்றார். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் பெட்டைப் பிள்ளைக்கு எதற்கு என்று நைனா நிறுத்திவிட்டார். அன்று வீடு திரும்பும் வரை அந்தச் சீட்டை உனக்கு மூன்று தடவை வாசித்தேன். உப்பு கூடாது. கருவாடு கூடாது. மீன் தலை, எலும்பு கூடாது. வேகவைத்த மீன் சதை கொஞ்சம், குழைந்த சோறு, முட்டையின் வெள்ளைக் கரு. குடிதண்ணீர் நிறைய.

"கருவாட்டுக்காரி வூட்டுப் பூனைக்குக் கருவாடு கூடாதா? நானே அதுக்கு வெஷம் வெச்சிருக்கேனேடி!" என்று மார்பில் அடித்துக்கொண்டாய்.

கெளுத்தி அந்தச் சப்புச் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பட்டினி. மூக்கு மழுங்கிய கிழத்துக்கு வாசனை எட்டினால்தானே வாய் திறக்கும் என்று எனக்குத் தோன்றியது. இறால் ஓட்டை வேகவைத்து வடித்து, சூடு ஆறுவதற்குள் ஊற்றிப் பிசைந்தேன். மூன்று வாய் தின்றது. நீ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

ஆனால் ஒரு வாரம் ஆகியும் கக்கல் நிற்கவில்லை. நீ ஒளித்து ஒளித்துக் கருவாடு கொடுக்கிறாய் என்று உன்மேலேயே சந்தேகப்பட்டேன். "என் புருசன் மேல சத்தியம்" என்றாய். நம்பவில்லை. உன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கருவாடு காயும் களத்தோரம் பூனையின் தண்ணீர்ச் சட்டி இருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது. கடல் புகும் நம் ஏரித் தண்ணீர்!

"மீன் கழுவ மொண்டு வெக்கிறதுல இருந்துதான் ஊத்துறேன். பதினாலு வருசமா அதாண்டி. ஊத்துத் தண்ணி மனுசங்களுக்கே பத்தலையே" என்றாய். சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். சீட்டை மூன்று தடவை வாசித்த எனக்கும் அது உறைக்கவில்லை பார்.

மணலில் தோண்டிய ஊற்றில் கொட்டாங்குச்சியால் மொண்டுதான் குடம் நிரப்புவோம், வீட்டுக்கு இரண்டு குடம், முறை வைத்து. அதில் ஒரு செம்பு பூனைக்கு என்று தெரிந்ததும், முறைக்கு நின்ற கன்னியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"பூனைக்கு ஊத்துத் தண்ணியா? நாளைக்குப் பன்னீர் கேக்குமா?"

"என் வூட்டுக் கொடத்துல இருந்து ஊத்துறேன். உன் கொடத்துல கை வெச்சேனா?" என்றேன் நான்.

"படிச்ச திமிரு!"

"ஆமா, படிச்சவதான்!" என்றது நீ. அதுவரை ஊற்றடியில் நீ வாய் திறந்ததே இல்லை, அக்கா.

பத்து நாளில் கக்கல் நின்றது. தை பிறந்தபோது கெளுத்தியின் உடம்பில் முடி பளபளத்தது. ஒருநாள் படகு வரும் நேரத்துக்குத் தானாகவே கரைக்கு நடந்து போய், அங்கே நின்ற கடுவன் பூனைக்கு ஒரு அறை விட்டது. நீ போட்ட கூச்சலில் வலை இழுத்தவர்கள் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "சாவப்போற பூனைன்னீங்களேடா, பாருங்கடா!" கொஞ்ச காலம் என்று டாக்டர் சொன்னது நம் கையில் மூன்று வருஷம் ஆனது. கடைசி நாளும் உன் மடியில் தின்றுவிட்டுத்தான் கண்ணை மூடியது.

அந்த மூன்று வருஷத்துக்குள் ஒன்று நடந்துவிட்டதே! கன்னியம்மா தன் கிழட்டுப் பூனையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு உன் வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்க முடியாமல் தலை குனிந்திருந்தாள். நான் சீட்டை எடுக்கப் போனேன். நீ தடுத்தாய். எழுத்தே தெரியாத நீ, ஒரு சொல் பிசகாமல் அத்தனையும் ஒப்பித்தாய். ஓடு வேகவைக்கும் பக்குவமும் சொல்லி, "தண்ணிய மொதல்ல நீ குடிச்சுப் பாத்துட்டு வையிடி" என்று முடித்தாய்.

நீயும் போய் எத்தனையோ காலம் ஆகிறது. எனக்கும் வயசாகிவிட்டது. ஆனால் என் வீட்டில் மனுஷரோ மாடோ பூனையோ, மூத்த எந்த உயிரைப் பற்றியும் "வயசாயிடுச்சு, வுடு" என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் எழுந்து நிற்பேன். அடுப்பை மூட்டிவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவேன்.

உன் படித்த தங்கச்சி