நீல மாப்பிள்ளை

நாள் 1 — 06:10
நிலவுக் காப்பகம், பூச்சிக் கூடம். பதிவு: ஜெபசீலி. பணியில் நான் ஒருத்திதான். வெப்பம் 26 பாகை. ஈரம் சரி.
கட்டையைத் துளைத்துக்கொண்டு நீள்கொம்பு வண்டு ஒன்று வெளிவந்தது. ஆண். வெளிர்நீல உடல், முதுகில் ஆறு கரும்புள்ளிகள், உடலைப் போல் இரு மடங்கு நீளக் கொம்புகள். பூமியில் இந்த இனம் பூண்டோடு அழிந்துவிட்டது. நான்கு வருடம் புழுவாக மரத்தைத் தின்று கிடந்தவனுக்கு வெளியே வாழ்வு ஒரு மாதம்தான். கட்டைக்குள் இன்னொன்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் பார்த்தேன்: பெண், கூட்டுப்புழு. அவளும் வந்து இருவரும் சேர்ந்தால்தான் இனம் உண்டு.

நாள் 9 — 07:00
மாப்பிள்ளை கட்டையை விட்டு அசைவதில்லை. மாப்பிள்ளை என்று பதிவில் எழுதக் கூடாதுதான். இங்கே யார் வந்து திருத்தப் போகிறார்கள்? பட்ட மரத்தில் இடம் பிடித்துக் காவல் இருப்பது இந்த ஆண்களின் குணம். கையில் எடுத்தால் கீச்சிடுகிறான்.
பூமியிலிருந்து உதவி ஆய்வாளர் இசக்கியப்பன்: “எக்கா, மாப்ள முறுக்கா இருக்காரா? பொண்ணு எப்ப வருது?”
இருபத்துநாலாம் நாள் வரும் என்றேன்.

நாள் 17 — 13:40
இடக்கொம்பின் நுனி ஒடிந்துவிட்டது. பின்கால் இழுக்கிறது. அதற்குள் கிழடு தட்டிவிட்டது. குளிரில் வைத்தால் ஆயுள் நீளும். குளிர்பெட்டியில் வைத்தேன். சுவரைப் பிறாண்டிக் கீச்சிட்டான். என்னால் கேட்க முடியவில்லை. மறுபடி கட்டையில் விட்டுவிட்டு, கூடம் முழுவதையும் 17 பாகைக்குக் குறைத்தேன்.

நாள் 26 — 05:20
பெண் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தேன். வளர்ச்சி அப்படியே நிற்கிறது. குளிர் அவளுக்கும்தானே! முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். கண்ணெதிரே இருந்தவனுக்கு இரங்கி, உள்ளே இருந்தவளை மறந்தேன். புத்தி கெட்டவள் நான். வெப்பத்தை 26-க்கு ஏற்றியாயிற்று.

நாள் 33 — 11:05
மாப்பிள்ளை இறந்துவிட்டான். ஆறு கால்களும் பட்டையைப் பற்றியபடியே இருக்கின்றன. எடுக்க மனம் வரவில்லை. வெகுநேரம் அழுதேன். பூமிக்குச் சொல்லவில்லை.

நாள் 34 — 16:30
பெண் வந்தாள். ஒரு குறையும் இல்லை.
ஒரே ஒரு நாள்.
நேராக அவனிடம் போனாள். கொம்பால் தடவிப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

நாள் 38 — 09:15
பட்டை வெடிப்புகளில் நாற்பத்தொரு முட்டைகள். ஒன்றிலும் கரு இல்லை.
இசக்கியப்பன்: “எக்கா, முட்ட வச்சிருச்சா? ஒரு வார்த்த சொல்லுங்க. இங்க அத்தன பேரும் மூச்சப் புடிச்சிட்டு நிக்கோம்.”
“நாப்பத்தொண்ணு வச்சிருச்சுப்பா” என்றேன். கரு இல்லை என்பதைச் சொல்லாமலே இணைப்பைத் துண்டித்தேன்.

நாள் 41 — நேரம் பார்க்கவில்லை
அங்கே இன்னும் கைதட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்தொரு பெயர்கள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். முட்டைகள் சுருங்கத் தொடங்கிவிட்டன. அவள் இன்னும் அவற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.
இந்தப் பதிவைப் படிப்பவரே, அந்தப் பிள்ளைகளிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியவில்லை.