பின்வரிசைக்குத் தேவைப்படாது

எடிசன், நியூஜெர்சி
6.2.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

மாரீஸ்வரி எழுதுவது. போனில் பேசலாம்தான். ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார். அதனால் ஆபீசில் வைத்து எழுதுகிறேன்.

பேத்தியைப் பார்க்க வந்த மனுசருக்கு இங்கே வந்தா இப்படி ஆக வேண்டும்? முப்பது வருசம் திராட்சைக்கு மருந்தடித்த நெஞ்சு, அண்ணே. டாக்டர் இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று என்கிறார். மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுக்கிற மிஷின் கொஞ்ச நேரம்கூட நிற்கக் கூடாது. "ஆத்தா, என்னைய நம்ம பந்தலுக்கு அடியில கொண்டுபோய்ப் போட்டுரு, போதும்" என்று காலையில் எழுந்ததும் ஆரம்பித்துவிடுகிறார்.

மிஷினுக்கு இரண்டு பேட்டரிதான். ஒன்று மூன்று மணி நேரம் வரும். கூடுதல் பேட்டரிக்குப் பத்து வாரம் காத்திருக்க வேண்டுமாம். விமானமோ பதினான்கு மணி நேரம் இறங்காமல் பறக்கும். இருக்கையிலேயே ப்ளக் பாயின்ட் இருந்தால்தான் அப்பாவைக் கொண்டுவர முடியும். முன்பக்கத்துப் பெரிய இருக்கைகளில் அது இருக்கிறது. நமக்குக் கட்டுப்படியாகும் பின்பக்கத்தில் இல்லை. எட்டுக் கம்பெனியைக் கேட்டுவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அன்புத் தங்கை,
மாரி

சுருளிப்பட்டி
17.2.2006

அன்புத் தங்கை மாரிக்கு,

அண்ணன் சுருளிராஜன் எழுதிக்கொண்டது. உன் கடிதத்தைப் படித்ததும், கட்டிக்கொண்டிருந்த மோட்டார் காயிலை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு பேரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான், ஆளுக்கொரு ப்ளக் பாயின்ட் வைக்க வக்கில்லையா? கம்பம் டீக்கடைக்காரன்கூட மிக்சிக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று வைத்திருக்கிறான்.

முன் இருக்கையிலேயே கூட்டிவந்துவிடு. தோட்டத்தை விற்றுவிடலாமா என்று ராஜமணி சித்தப்பாவைக் கேட்டேன். "ஏலே, அவரு பாக்க வர்றதே அந்தத் தோட்டத்தைத்தான். அதை வித்துப்புட்டு எதைடா காட்டப் போற?" என்றார். பத்திரம் வேறு அப்பா பெயரில் இருக்கிறது. கையெழுத்துக் கேட்டால் அங்கேயே உயிரை விட்டுவிடுவார்.

உன் ஆபீசில் விமான இருக்கைக் கணக்குத்தானே பார்க்கிறாய்? அங்கே யாரையாவது பிடி. காலில் விழுந்தாலும் தப்பில்லை, ஆத்தா.

சுருளிராஜன்

எடிசன்
28.2.2006

அண்ணே,

யார் காலில் விழுவது? அந்தக் கணக்கை எழுதியதே நான்தான்.

எங்கள் ஆபீஸ் விமானக் கம்பெனிகளுக்குச் சந்தை நிலவரம் எழுதிக் கொடுக்கிறது. இருக்கை ப்ளக் பாயின்ட் ஐந்து வருசத்தில் எத்தனை விற்கும், யார் வாங்குவார்கள் என்று. மூன்று வருசத்துக்கு முன்னால் இந்தியாவுக்குப் பறக்கிற விமானங்களுக்கான கணக்கை என்னிடம் கொடுத்தார்கள். பின்வரிசையில் உட்காருகிறவர்கள் லேப்டாப் கொண்டுவருவதில்லை, வயதான அப்பா அம்மாக்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான், அவர்களுக்குக் கரண்ட் தேவைப்படாது, வயர் எடைதான் வீண் என்று எழுதினேன். பாராட்டினார்கள். அதைப் படித்து மூன்று கம்பெனிகள் பின்வரிசைக்கான ஆர்டரை ரத்து செய்தன. இன்று அதே கம்பெனிகளிடம் அழுதுகொண்டிருக்கிறேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விமானத்தில் பின்பக்கத்திலும் சில வரிசைகளுக்கு ப்ளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது. போட்டுவிட்டேன். ஆனால் அதில் கரண்ட் கொஞ்சம் குறைவாகத்தான் வருமாம். மிஷினுக்குக் காணுமா என்று பயமாக இருக்கிறது.

மாரி

சுருளிப்பட்டி
18.3.2006

மாரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். நம் தோட்டம் கரண்ட் லைனில் கடைசி, மோட்டார் ஓடுகிற அளவுக்கு வோல்டேஜ் வராது. "கடைசித் தோட்டத்துக்கு இது போதும்னு மேல எழுதிட்டாக" என்று லைன்மேன் கர்ணன் வருசம் முழுக்கச் சொல்வானே, அப்படி எழுதினவர்களும் உன்னை மாதிரிப் படித்தவர்கள்தானே? எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஆனால் குறைந்த கரண்டுக்கு என்ன வைத்தியம் என்று உன்னைவிட எனக்குத் தெரியும். வோல்டேஜ் இல்லாத வீட்டுக்கெல்லாம் ஸ்டெபிலைசர் செய்து கொடுப்பவன் நான். நாலு நாள் கடையைச் சாத்திவிட்டு, புதுச் செம்புக் கம்பியில் ஒன்று கட்டிவிட்டேன். பதினோரு கிலோ. மேலே வேலுச்சாமி என்று அப்பா பெயரைப் பெயின்டில் எழுதியிருக்கிறேன். இன்று பார்சலில் போட்டாயிற்று. அவர் காலடியில் வைத்து மிஷினைச் சொருகு. ப்ளேன்காரன் கேட்டால் என்னிடம் பேசச் சொல்.

சுருளிராஜன்

எடிசன்
13.4.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா போய்விட்டார் என்று அன்று போனில் சொன்னதும், "அந்தக் கணக்கை எழுதுனவ நீதானே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை அடித்தும் நீ எடுக்கவில்லை. விமானத்துக்கு நாலே நாள் இருந்தது, அண்ணே. நாலே நாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியை இருக்கைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். விட்டாலும் உதவாது. அங்கே குறைவது வோல்டேஜ் இல்லை, ஒரு இருக்கைக்கு இவ்வளவுதான் இழுக்கலாம் என்று மொத்தக் கரண்டுக்கே வரம்பு. உன் கடிதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். ஆனாலும் திட்டியதை விட்டுவிட்டு, பெட்டிக் கதையை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எத்தனை நாளைக்கு அப்புறம் சிரித்தார், தெரியுமா? "நம்ம சுருளி கட்டுன காயில் எரியாது" என்றார். சூட்கேசைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். மூச்சு இழுக்க இழுக்க, "பெட்டி வந்துருச்சா, பெட்டி வந்துருச்சா" என்று அதற்கப்புறம் இருந்த இரண்டு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் கடைசியாகக் கேட்டதும் அதுதான். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

முந்தாநாள்தான் வந்தது. உள்ளே இருக்கிற கம்பியைப் பார்த்துச் சுங்கத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். அப்பா பெயரைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இருபத்தெட்டாம் தேதி அப்பாவைக் கொண்டுவருகிறேன். சின்னக் கலயம்தான், மடியில் வைத்துக்கொள்ளலாம். எந்த இருக்கை வேண்டும் என்று டிக்கெட் போட்ட பெண் கேட்டாள். எதுவானாலும் சரி என்றேன். நாற்பத்தொன்றாம் வரிசை கொடுத்திருக்கிறாள். உன் பெட்டி சூட்கேசில் வருகிறது. அந்த எடைக்கு என் துணிகளை எடுத்துவிட்டேன்.

முப்பதாம் தேதி காலையில் கம்பத்தில் இறங்குவேன். பஸ் ஸ்டாண்டில் நீ நின்றால் அப்பாவை உன் கையில் கொடுக்கிறேன். நிற்காவிட்டால், பந்தலுக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, நானே சுருளித் தீர்த்தத்துக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிடுகிறேன். என்னைத் திட்டுவதற்காகவாவது வா, அண்ணே.

உன் தங்கை,
மாரி