நூற்று எழுபத்தாறு என்று எழுதினேன்

மார்ச் 4
கிளினிக்கில் சொன்னபடி, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர். சாப்பிட்டதும் இருபது நிமிட நடை. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்தி சுகர் பார்க்க வேண்டும். பவுடர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. ஆலையில் துணி மூட்டைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்தேன். பட்டன் தைக்கிறவள் சிரித்தாள்: "அக்கா, நடைப் போட்டியில கப்பு வாங்கப் போறீங்களா?"

மார்ச் 5
மாலை ஏழு மணிக்கு கிளினிக்கிலிருந்து உணவு ஆலோசகர் பெண் கூப்பிட்டாள். "குடிச்சீங்களாம்மா? நடந்தீங்களா? எவ்வளவு காட்டுச்சு?" 214. சுகர் இறங்கும்வரை தினமும் கூப்பிடுவாளாம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் இந்த வீட்டில் என்னை யார் கேள்வி கேட்டார்கள்?

ஏப்ரல் 19
131!
"சூப்பர்மா! ரெண்டு வாரம் இப்படியே இருந்தா நான் கூப்பிடவே வேண்டாம்."
போனை வைத்ததும் காலண்டரில் பதினான்கு நாளை எண்ணினேன்.

ஏப்ரல் 22
மெஷினில் 126. அவளிடம் 176 என்றேன். டாக்டரிடம் காட்டும் நோட்டிலும் அதையே எழுதினேன். அரை அங்குலம் கூடினால் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவள் நான். இருபத்தாறு வருடமாக அளவு பார்க்கும் மேஜை. அடுக்குமா இது?
பாவம், கால் மணி நேரம் பேசினாள். தூக்கம் வருகிறதா என்றுகூடக் கேட்டாள்.

மே 2
இன்றும் பொய்.

மே 6
நோட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 8
மேஜையிலேயே வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. 58. பட்டன்காரிதான் வாயில் சர்க்கரையைப் போட்டாள். போயிருப்பேன் இன்றைக்கு.
ஏழு மணிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏம்மா? வீட்ல தனியா விழுந்திருந்தா யாரு பாத்திருப்பாங்க?"
"யாரும் இல்லம்மா. அதனாலதான் பண்ணேன்."
சொல்லிவிட்டு அழுதேன். இந்த வயதில், போனில், யார் பெற்ற பிள்ளையிடமோ!

மே 23
மாத்திரை பழையபடி. 122. உள்ளதைச் சொன்னேன். இன்றோடு அழைப்பு முடிந்தது. "நல்லா இருங்கம்மா" என்றாள்.

மே 24
ஏழு மணி. ஏழே கால். வீடு கப்சிப்.
அம்மாவின் வளையலுக்காகச் சண்டை போட்டு, நாலு வருடமாகப் பேச்சில்லாத தங்கைக்கு நானே போன் போட்டேன். எடுத்தவள் கேட்டாள்: "சாப்பிட்டியாக்கா?"
'ஆச்சு' என்று வாய்வரை வந்தது.
"இன்னும் இல்லடி" என்றேன்.